கலூருக்கு நீலச் சட்டையோடு போகலாமா?

மைதானத்து டீச்சர் பதில்கள்

(குமரி மாவட்டக் கடற்கரைப் பள்ளிகளில் விளையாட்டு ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில், குடும்பத்தோடு வெளியூர் கால்பந்து மேட்சுக்குப் போவது பற்றி வந்த கடிதங்கள்.)

டீச்சர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனுக்கும் ஆறாம் வகுப்பு மகளுக்கும் சென்னையின் எஃப்சி என்றால் உயிர். கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸோடு மோதும் ஆட்டத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லி நச்சரிக்கிறார்கள். "அவங்க ஊருக்குள்ள போயி நீலச் சட்டை போட்டுட்டு இருக்கணுமா? வம்பை விலைக்கு வாங்கவா?" என்கிறார் என் வீட்டுக்காரர். மாமியார் வேறு நானும் வருவேன் என்று நிற்கிறார். போகலாமா?
— வாசகி, கருங்கல்

போங்கள். மாமியாரையும் விட்டுவிடாதீர்கள்.

முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் தூரத்தைச் சொல்லுங்கள். நாகர்கோவிலிலிருந்து சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். கொச்சி மைதானம் இருக்கும் எர்ணாகுளம் 300-க்குள். நம் அணியின் சொந்த மைதானம் நமக்கு ஒரு ராத்திரிப் பயணம், எதிரணியின் மைதானமோ அதிகாலையில் ஏறினால் முற்பகலில் இறங்கிவிடுகிற இடம். குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு சென்னை அணியை நேசிக்கிற பிள்ளைக்கு வெளியூர் மேட்ச்தான் கைக்கெட்டும் மேட்ச். அதையும் வேண்டாம் என்றால் டிவியோடு நிற்க வேண்டியதுதான். இன்னொன்றும் சொல்லுங்கள். சென்னையின் எஃப்சி வாங்கிய இரண்டு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையும் எதிராளியின் ஊரில் வைத்து வாங்கியவை. 2015 டிசம்பரில் கோவாவை அவர்களுடைய ஃபத்தோர்டா மைதானத்திலேயே 3-2 என்று வென்றார்கள். 2018 மார்ச்சில் பெங்களூருவின் கண்டீரவா மைதானத்தில் ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரியிடம் கோல் வாங்கி, அப்புறம் மைல்சன் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று போட்டு மறுபடியும் 3-2. அந்த இரண்டு ராத்திரியும் சுற்றிலும் அடுத்த ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருக்க, நடுவில் கொஞ்சம் நீலச் சட்டைகள் மட்டும் குதித்தன. உங்கள் பிள்ளைகளும் அப்படி ஒரு கூட்டத்தில் இருந்து பார்க்கட்டுமே.

வம்பு வருமா என்று கேட்டால், சத்தம் வரும், கேலி வரும். மஞ்சப்படை என்ற பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள் கூடுகிற கிழக்கு கேலரிப் பக்கம் மட்டும் டிக்கெட் எடுக்காதீர்கள். அங்கே ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே பாடுவார்கள், உங்கள் மாமியாருக்கு முன்னால் இருப்பவர்களின் முதுகு மட்டும்தான் தெரியும். சென்னை ரசிகர் குழுக்களில் 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' இரண்டும் தெரிந்த பெயர்கள். அவர்கள் வெளியூர் மேட்சுக்குச் சேர்ந்து போகும்போது எந்தப் பகுதியில் இருக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு, அதை ஒட்டியே இடம் எடுங்கள். அங்கே என்றால் நாலு பேரும் நீலம் போடலாம். பொதுக் கேலரிதான் கிடைத்தது என்றால் பிள்ளைகளுக்கு நீலம் போதும், பெரியவர்கள் வேறு நிறத்தில் போங்கள். மஞ்சள் மட்டும் வேண்டாம், உங்கள் மகன் மன்னிக்க மாட்டான்.

எங்கே உட்காருவது என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. ஆட்டம் நடக்கும் கொச்சியின் கலூர் மைதானம் கிரிக்கெட்டுக்கும் பயன்பட்ட பெரிய மைதானம். அதனால் கீழ்ப்படியில் இருந்தால் பந்து கிட்டத்தில் இருக்கும் என்று நினைப்பது தவறு. கோட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் நிறைய வெற்றிடம் கிடக்கும், ஆட்டக்காரர்களின் கால்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தெரியும். மேல் தட்டுக்குப் போங்கள். அங்கிருந்து பார்த்தால்தான் பத்துப் பேரும் எப்படி ஒரே கயிற்றில் கட்டினதுபோல நகர்கிறார்கள் என்பது தெரியும். டிவி காட்டாதது அதைத்தான். டிவி பந்தின் பின்னாலேயே ஓடும்.

ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே உள்ளே போய்விடுங்கள். காலி மைதானத்தில் முதலில் கோல்கீப்பர்கள்தான் வருவார்கள். பயிற்சியாளர் கிட்டத்திலிருந்து இடது, வலது என்று மாறி மாறி அடிக்க, விழுந்து எழுந்து விழுந்து எழுந்து பிடிப்பார்கள். கையுறையில் பந்து மோதுகிற அந்த 'டப்' சத்தம் கூட்டம் நிறைந்த பிறகு கேட்காது. உங்கள் மகளிடம் ஒரு வேலை கொடுங்கள்: முதல் பத்து நிமிடம் பந்தையே பார்க்காமல், நம் இடது பின்களத்து ஆட்டக்காரரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பந்து எதிர்ப்பக்க ஓரத்தில் இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார், எத்தனை தரம் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கிறார், யாரைக் கை காட்டி நகர்த்துகிறார். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு வருஷம் கத்திச் சொல்லியும் ஏறாத விஷயம், இந்தப் பத்து நிமிடத்தில் ஏறிவிடும். நான் கூட்டிப் போன பிள்ளைகளிடம் இதை நேரில் பார்த்திருக்கிறேன்.

செண்டை மேளம் தொடங்கியதும் சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் காலடியில் ஏறும். கான்கிரீட் படி நடுங்கும். சின்னப் பிள்ளை பயந்து மடியில் ஏறலாம், கொஞ்ச நேரத்தில் அதுவே கை தட்டும். அந்த ஊர்க்காரர்கள் கோல் போட்டால் உங்கள் பிள்ளைகள் எழுந்து கைதட்ட வேண்டாம், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம். நல்ல கோலை நல்ல கோல் என்று சொல்லட்டும். நம் ஆள் கோல் போடும்போது நிகழ்வதுதான் வெளியூர் மேட்சின் ருசி. அவ்வளவு பெரிய சத்தம் டக்கென்று நின்றுபோகும். அந்த அமைதியில் உங்கள் மகனின் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். கத்தட்டும். அதற்குத்தானே போகிறீர்கள். அதைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கிற மஞ்சள் சட்டைக்காரர்களில் பெரும்பாலோர் சிரிப்பார்கள். அவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள்தான்.

விசில் ஊதியதும் எழுந்து ஓடாதீர்கள். வெளியூர் அணி, தோற்றாலும் ஜெயித்தாலும், தன் ஆட்கள் இருக்கும் மூலைக்கு வந்து கை தட்டி நன்றி சொல்கிற வழக்கம் உண்டு. சொந்த மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேருக்கு நடுவில் பிள்ளைகள் தூரத்துப் புள்ளி. இங்கே நீலச் சட்டை கொஞ்சம்தான், ஆட்டக்காரர் கண்ணில் படும்.

பயணம் எளிது. குழித்துறையில் அதிகாலை பரசுராம் எக்ஸ்பிரஸ் பிடித்தால் எர்ணாகுளம் டவுனில், அதாவது நார்த்தில், இறங்கலாம். பக்கத்திலேயே டவுன் ஹால் மெட்ரோ. அங்கிருந்து கலூர் கழிந்து அடுத்த நிலையமே ஜேஎல்என் ஸ்டேடியம், இறங்கினால் மைதானம் எதிரே. பகல் பொழுதுக்குப் பிள்ளைகளை ஹைகோர்ட் ஜெட்டிக்குக் கூட்டிப் போய் வாட்டர் மெட்ரோ படகில் ஏற்றுங்கள். உங்கள் மாமியாருக்கு விருப்பமென்றால் கலூர் அந்தோணியார் கோயில் மைதானத்துக்குக் கிட்டத்தில்தான். நம் பக்கத்திலிருந்து நவநாளுக்கு என்றே போகிறவர்கள் உண்டு. மதியத்துக்கு வீட்டிலிருந்தே பொதிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள், ரயிலுக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம். மைதானத்துக்குள் தண்ணீர் பாட்டில், குடை, பெரிய பை எதையும் விடமாட்டார்கள். அதனால் நுழையும் முன்பே வயிறு நிறைந்திருக்க வேண்டும். திரும்புவதற்கு, நள்ளிரவு தாண்டி எர்ணாகுளம் சவுத் வருகிற குருவாயூர்–சென்னை எழும்பூர் வண்டி இருக்கிறது, காலையில் நம் ஊர். அதில் படுக்கை முன்பதிவு இல்லாமல் மாமியாரைக் கூட்டிப் போக வேண்டாம். மேட்ச் சனிக்கிழமை என்றால் மட்டும் திட்டம் போடுங்கள், ஞாயிறு தூங்கி எழலாம். லீக் அட்டவணை கடைசி நேரத்தில் மாறுவது உண்டு, 2025-இல் சீசன் தொடங்குவதே தள்ளிப்போனது. தேதியும் மைதானமும் உறுதியாகும் வரை ரயில் டிக்கெட்டில் கை வைக்காதீர்கள்.

என் கணவர் ஆழ்கடலுக்குப் போகிறவர். போனால் மாசம் கழிந்துதான் கரைக்கு வருவார். பிள்ளைகள் அப்பாவோடுதான் மேட்ச் பார்க்கப் போவோம் என்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் போகலாம் என்றால் அப்போது மேட்சே இல்லை. என்ன செய்வது டீச்சர்?
— வாசகி, தூத்தூர்

உங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். நம் மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பெரிய லீக் வழக்கமாக மழை விட்டுத் தொடங்கி மறு வருஷம் மார்ச், ஏப்ரல் வரை ஓடும். அப்பா வீட்டில் இருக்கும் இரண்டு மாதமும் மைதானம் பூட்டிக் கிடக்கும், மைதானம் திறக்கும்போது அப்பா கடலில். நீரோடி முதல் இரையுமன்துறை வரை எட்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். அந்த ஊர்களில்தான் நம் மாவட்டத்திலேயே கால்பந்துப் பைத்தியம் அதிகம் என்பது இன்னும் வருத்தம்.

கிறிஸ்மஸைப் பிடியுங்கள். எவ்வளவு தூரம் போன வள்ளமும் கிறிஸ்மஸுக்குக் கரை சேரப் பார்க்கும். வழக்கமான சீசனில் டிசம்பர் கடைசியிலும் ஆட்டங்கள் வரும். அட்டவணை வெளியானதும் அந்த வாரத்தில் திருவனந்தபுரத்துக்கு வடக்கே எங்கே எந்த மேட்ச் என்று பாருங்கள். சென்னை ஆடாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளைகளுக்கு அப்பா பக்கத்தில் இருந்தால் போதும், அணி இரண்டாம் பட்சம். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்த பிறகு, தூத்தூர் பக்கத்துப் பிள்ளை அப்பாவோடு ஒரு நாள் எங்காவது போய் வருவதை நான் சின்னக் காரியமாக நினைத்ததே இல்லை. வகுப்பில் அந்த வருஷம் காலியாகக் கிடந்த முகங்கள் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

தடைக்காலத்துக்கும் ஒரு வழி உண்டு. அப்பா வீட்டில் இருக்கும் நாளில் அடுத்த ஊரில் டோர்னமென்ட் நடந்தால் குடும்பமாகப் போய் நில்லுங்கள். வள்ளவிளைக்காரர்கள் சின்னத்துறை மணலில் வந்து ஆடுவதும் வெளியூர் மேட்ச்தான். அப்பா எந்தக் காலில் அடிப்பார், எந்த ஊருக்கு எதிராக என்ன கோல் போட்டார் என்ற கதையெல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

பன்னிரண்டு வயது மகளைக் கூட்டிப் போக பயமாக இருக்கிறது. கூட்டம், கழிப்பறை, தள்ளுமுள்ளு. பையனை மட்டும் அனுப்பினால் என்ன?
— வாசகி, நாகர்கோவில்

அப்படி மட்டும் செய்யாதீர்கள். தமிழ்நாட்டுக் கால்பந்துக்குச் சமீப காலத்தில் தேசிய அளவில் பெருமை வாங்கித் தந்ததில் பெண் பிள்ளைகளுக்குப் பெரிய பங்கு. சீனியர் பெண்கள் தேசியப் போட்டியில் 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரைத் தோற்கடித்து நம் பெண்கள் கோப்பை வாங்கினார்கள். மணிப்பூர் என்றால் இந்தப் போட்டியை அடுத்தடுத்து அள்ளிக்கொண்டு போன அணி. 2023-இல் அமிர்தசரசில் ஹரியானாவை 2-1 என்று வென்று மறுபடியும் வாங்கினார்கள். மதுரையின் சேது எஃப்சி 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. பையன் மைதானத்துக்கு, பெண் டிவிக்கு என்று வீட்டில் பிரித்துவிட்டால், அடுத்த அணிக்கு ஆள் எங்கிருந்து வரும்?

பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். இடைவேளையில் கழிப்பறைக்குப் போகவே போகாதீர்கள், வரிசை முடியாது. முதல் பாதியில் முப்பத்தைந்தாவது நிமிடம் வாக்கில் அம்மாவும் மகளும் சேர்ந்து போய் வந்துவிடுங்கள். மாதவிலக்கு நாளாக இருக்கலாம் என்று தோன்றினால் ஒரு சின்னத் துணிப்பையில் நாப்கினும் பழைய தினத்தாளும் ஒரு கவரும் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். அடர்ந்த நிறத்தில் பேன்ட் போடச் சொல்லுங்கள். முடிந்ததும் கூட்டத்தோடு படி இறங்காமல் இடத்திலேயே கால் மணி நேரம் இருங்கள், தள்ளுமுள்ளு பாதி அதிலேயே தீரும். பிரிந்துவிட்டால் எங்கே சேருவது என்று நுழையும்போதே ஒரு தூணையோ கேட் எண்ணையோ காட்டி வையுங்கள். மகளின் கையில் உங்கள் போன் எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். அவ்வளவு கூட்டத்தில் செல்போன் சிக்னல் கிடைக்காமல் போகலாம், ஆனால் எண் தெரிந்தால் போலீஸ்காரர் உதவுவார்.

நம் மாவட்டத்துப் பையன்கள் யாராவது ஐஎஸ்எல் அளவில் ஆடியிருக்கிறார்களா? மகனுக்குச் சொல்ல வேண்டும்.
— வாசகர், தக்கலை

இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி என்ற வேறொரு சென்னை அணியில் பெயர் வாங்கி, 2018-19 சீசனில் ஜாம்ஷெட்பூருக்கு ஐஎஸ்எல் ஆடி, அடுத்த சீசனில் கொல்கத்தாவின் ஏடிகே அணிக்குப் போனார். அந்த அணிதான் 2020 மார்ச் 14-இல் இறுதியாட்டத்தில் நம் சென்னையினையே 3-1 என்று வென்று கோப்பை எடுத்தது. கொரோனா தொடங்கிய நேரம், கோவாவில் ஒரு ரசிகர்கூட இல்லாமல் நடந்த இறுதியாட்டம். எங்கள் கடற்கரையில் அன்றைக்கு யாருக்குக் கைதட்டுவது என்று பிள்ளைகள் வீட்டுக்கு வீடு சண்டை போட்டார்கள். எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை, நான் இரவிபுத்தன்துறை பக்கம். அவருடைய சகோதரர் மைக்கேல் ரீஜினும் சென்னை சிட்டிக்கு ஆடியவர்.

உங்கள் மகனிடம் இதையும் சொல்லுங்கள். மணலில் ஆடி வளர்ந்த கால்களுக்குப் பந்தை ஒட்டிப் பிடிக்கும் பழக்கம் இயல்பாக வரும், ஏனென்றால் மணலில் நீளமாக உருட்டினால் பந்து பாதியில் நின்றுவிடும். இடது ஓரத்தில் அவர் பந்தோடு திரும்புவதை நான் பார்க்கும்போதெல்லாம் அந்த மணல் எனக்குத் தெரியும்.

வெளியூரில் போட்ட கோலுக்கு இரட்டை மதிப்பு என்பார்களே, இப்போதும் உண்டா? சொந்த ஊர்க் கூட்டம் கத்துவதால் நிஜமாகவே ஜெயிப்பார்களா?
— கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

இரட்டை மதிப்பு என்று சொன்னாலும் அது எல்லா ஆட்டத்துக்கும் கிடையாது. இரண்டு ஆட்டம் சேர்த்து மொத்தக் கோல் சமமாக இருந்தால், அடுத்த ஊரில் யார் அதிகம் போட்டார்களோ அவர்கள் மேலே போவார்கள். ஐரோப்பாவில் 1965-இல் கொண்டுவந்ததை 2021-இல் எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி என்பது என் எண்ணம். முதல் ஆட்டத்தைச் சொந்த ஊரில் ஆடுகிற அணி கோல் வாங்கக் கூடாது என்ற பயத்திலேயே பின்னால் பதுங்கி நிற்கும், பார்க்கச் சகிக்காது.

கூட்டம் பற்றி, கொரோனா நல்ல பாடம் சொன்னது. 2020 மே மாதம் ஜெர்மனியில் காலி மைதானத்தில் லீக் மறுபடி தொடங்கியபோது சொந்த ஊர் அணிகள் ஜெயிப்பது குறைந்தது. வெளியூர் அணிக்கு நடுவர் காட்டும் மஞ்சள் அட்டையும் குறைந்தது. அதனால் கத்துவது வீண் இல்லை தம்பி. போய்க் கத்து. நடுவரின் அம்மாவை மட்டும் இழுக்காதே.

நாலு வயதுக் குழந்தையும் இருக்கிறது. கொச்சி வரை தாங்குமா?
— வாசகி, குளச்சல்

தாங்காது. ஏழரை மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும் ஆட்டம், நாலு வயதுக்கு அது தூக்க நேரம். முதலில் திருவனந்தபுரம் போய் வாருங்கள். பாளையத்தில் சந்திரசேகரன் நாயர் மைதானம், 2024-இல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவில் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் ஆடும் இடம். தம்பானூரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். இரண்டு காதிலும் பஞ்சு வையுங்கள், கடைசி வரிசையில் வாசலுக்குப் பக்கத்தில் இடம் எடுங்கள். அழுதால் உடனே எழுந்து வெளியே வந்துவிடுங்கள், கொடுத்த காசை நினைத்து உட்கார வைக்காதீர்கள். ஒரு பாதி பார்த்தால் போதும். இடைவேளைக்கே கிளம்பினால் குழித்துறைக்குக் கடைசி பஸ்ஸும் கிடைக்கும்.